திரும்பி வந்த பதினொரு நிமிஷம்

எங்கள் சோலைக்கரையில் போன நேரம் திரும்பி வரத் தொடங்கிய வருஷம், அது முதன்முதலாகச் சர்வேயர் ஆபீஸ் ரைட்டர் பொன்னுரங்கம் வீட்டு வாசலில்தான் வந்து நின்றது. வரும்போது காலைக் கட்டிய ஒரு சேவலையும், அந்தச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அதே வாசலில் நின்ற மாடசாமியையும், மாடசாமி செத்து ஆறு வருஷம் ஆகியிருந்தபோதிலும், கூடவே கூட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துக் காட்டு விதவையின் நிலத்துக்குள் எல்லைக்கல்லை இரண்டடி தள்ளி நட்டுத் தரச் சொல்லி மாடசாமி கொடுத்த சேவல் அது. பொன்னுரங்கம் அன்றைக்கு வாங்கியதைப் போலவே இன்றைக்கும் வாங்கினார், அவர் சம்சாரம் மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்து வைத்தாள், சட்டி காய்ந்தபோது சேவலும் இல்லை, மாடசாமியும் இல்லை, மசாலா மட்டும் இருந்தது. மறுவாரம் திரும்ப வந்தது, திரும்ப வாங்கினார். ஒன்பது தடவை வந்தது, ஒன்பது தடவையும் அந்த மனுஷர் கை நீட்டினார், ஒன்பது தடவையும் அந்த அப்பாவி மசாலா அரைத்தாள். பத்தாவது தடவை அவள் அரைக்கவில்லை. "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்க உட்கார்ந்துவிட்டாள். பொன்னுரங்கம் சேவலைப் பார்த்தார், சேவல் அவரைப் பார்த்தது, கடைசியில் "கொண்டு போப்பா" என்றார். அதற்குப் பிறகு அது வரவில்லை. மறுநாள் காலையில் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு விதவையின் காட்டுக்குப் போய், பத்தொன்பது வருஷமாக அங்கேயே வேர் பிடித்துப் பாசி ஏறிக் கிடந்த கல்லைப் பெயர்த்து இரண்டடி திரும்ப நட்டுவிட்டு வந்தார்.

பிறகு எல்லார் வீட்டுக்கும் வந்தது. மழை முடிந்து பனி தொடங்குகிற பருவம், சளி வருகிறது, இருமல் வருகிறது, இதுவும் வருகிறது என்று ஊர் எடுத்துக்கொண்டது. ஆச்சரியப்பட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்க எந்த வீட்டில் ஆள் இருக்கிறது? பால் டெப்போ வரிசையில் "உங்களுக்கு வந்துடுச்சா?" என்று ஒருத்தியை ஒருத்தி விசாரித்தோம். அதன் நடைமுறை ஒரு மாதத்தில் எல்லாருக்கும் அத்துப்படி ஆகிவிட்டது. செய்யக் கூடாததைச் செய்த நேரம் எதுவோ அது வரும், எத்தனை நிமிஷம் நடந்ததோ அத்தனை நிமிஷம் நிற்கும், அன்றைக்கு இருந்தவர்கள் அன்றைக்கு இருந்தபடி வருவார்கள், உனக்கும் அன்றைய வயசும் அன்றைய ஆத்திரமும் அன்றைய ஆசையும் ஒரு சொட்டுக் குறையாமல் வரும். இன்றைய புத்தி மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, கூட்டமான பஸ்ஸில் படியில் தொங்குகிறவன் மாதிரி, விழாமல் கூடவே வரும். நடந்தது எதுவும் மாறாது. செத்தவர் செத்தவர்தான். நீ மறுபடி அதையே செய்தால் மறுபடி வரும். செய்யாமல் இருந்தால் போய்விடும்.

தப்பிக்கப் பார்த்தவர்களும் உண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு மூன்று வாரம் பழனியில் போய்க் கிடந்த மளிகைக்கடைக்காரருக்கு, திரும்பி வந்து பார்த்தால், ஆள் இல்லாத வீட்டில் இறக்கி வைத்த கேஸ் சிலிண்டர் மாதிரி அது வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தது. கையைக் கட்டிப்போடச் சொன்னவர், தூக்க மாத்திரை போட்டுக்கொண்டவர், மச்சானைப் பிடித்துக்கொள்ளச் சொன்னவர், இவர்களுக்கெல்லாம் அடுத்த வாரமே திரும்ப வந்தது. செய்ய முடிந்தும் செய்யாமல் இருந்தால்தான் கணக்கில் சேர்த்தி. வியாபாரிகள் சங்கம், ஜெயித்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது என்று தீர்மானம் போட்டது. போர்த்தும் சாக்கில் அவர் என்ன தப்பு செய்தார் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது என்பதால் முதல் பொன்னாடையோடு அதை நிறுத்திக்கொண்டது. "எனக்கு எதுவுமே வரலை, நான் வாழ்ந்த வாழ்க்கை அப்படி" என்று ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர் சொல்லித் திரிந்தார். அவர் சம்சாரம் சிரித்த சிரிப்பில் அடுத்த தெருவில் நாய் குரைத்தது. என் வீட்டுக்காரருக்கு வந்த நேரத்தில் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காலமான என் மாமியார் கூடத்தில் நின்று என்னைப் பேசிக்கொண்டிருந்தார். இவர் வழக்கம்போலப் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது தடவைதான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு "அம்மா, போதும்" என்றார். சமையல்கட்டிலிருந்து கேட்டேன். இருபத்தேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அந்த இரண்டு வார்த்தைக்காக அன்று இவருக்கு இரண்டு முட்டை தோசை.

எனக்கும் வரும் என்று எனக்குத் தெரியும். எது வரும் என்றும் தெரியும்.

எங்கள் பக்கத்து வீட்டு விசாலத்தின் பெண் தமயந்தி. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் வேலை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு இருபத்தாறு வயசில், மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் பையன் வீட்டார் நைசாக விசாரிப்பார்கள், அது நம் வழக்கம். கோர்ட்டு, போலீஸ், சாட்சி எதுவும் இல்லாமல் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அடுத்த வீட்டுக்காரியின் வாயில் கொண்டுபோய் வைக்கிற வழக்கம். பையனின் அம்மாவும் தாய்மாமனும் என் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைக்குக் காலையில்தான், பால் டெப்போவில், பத்துப் பெண்கள் முன்னால், விசாலம் என்னைப் பார்த்து, "கான்வென்ட்ல படிச்ச அம்மா, பத்தாவது தேறாத பிள்ளை" என்று சொல்லிச் சிரித்திருந்தாள். என் பையன் அந்த வருஷம் இரண்டு பாடத்தில் போயிருந்தான். அவன் மூன்று நாளாகச் சாப்பிடாமல் கிடந்தது எனக்குத்தான் தெரியும்.

"பொண்ணு எப்படிங்க?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"பொண்ணுக்கென்ன, நல்ல பொண்ணுதான்" என்றேன். ஒரு வாய்க் காப்பி குடித்தேன். "ஆஸ்பத்திரி வேலை பாருங்க, நேரங்காலம் கிடையாது. யார் யாரோ வண்டியில கொண்டாந்து விடுவாங்க. நாம என்னத்தைச் சொல்றது."

ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதுதான் அதன் விஷம். வரன் நின்றுபோனது, நின்ற காரணம் அடுத்த வரனுக்கும் போனது, மூன்றாவது வரனோடு விசாலம் அலுத்துப்போனாள். தமயந்திக்கு இப்போது முப்பத்தெட்டு வயசு. என் வீட்டில் கறிவேப்பிலை தீர்ந்தால் அவள் வீட்டு மரத்திலிருந்துதான் ஒடித்துக்கொள்கிறேன். "எடுத்துக்கோங்கக்கா" என்பாள்.

முதல் தடவை வந்தபோது அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று முட்டிவலி போய்விட்டது, ரவிக்கை தளர்ந்தது, எனக்கு முப்பத்தொன்பது வயசு ஆகிவிட்டது. அந்தச் சுகத்தை ஒரு நொடி அனுபவிப்பதற்குள் ஆத்திரமும் வந்துவிட்டது, அன்று காலையில்தான் அடிபட்டது போல, பச்சையாக, ரத்தத்தோடு. வாசலில் அரக்குப் பட்டில் அந்த அம்மாள், பின்னால் குடையோடு தாய்மாமன். என்ன சொல்லக் கூடாது என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்தே சொன்னேன், எழுத்து மாறாமல். கடைசியில் ஒரு பெருமூச்சையும் புதிதாகச் சேர்த்தேன். பதினொரு நிமிஷம் முடிந்து முட்டிவலி திரும்பி வந்தது, எண்ணெயில் அப்பளம் கருகியிருந்தது.

இரண்டாவது தடவைக்குத் தயாராக இருந்தேன். படித்த வருஷமெல்லாம் என்னை அடக்கப் பார்த்த கான்வென்ட் சிஸ்டர்கள், வாயில் பிளாஸ்டர் ஒட்டி நிறுத்தியும் பார்த்தவர்கள், கற்றுத் தராத வழியை நானே கண்டுபிடித்தேன்: காலடிச் சத்தம் கேட்டதும் ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் அடக்கிக்கொண்டேன். "பொண்ணு எப்படிங்க?" கன்னம் உப்பிக்கொண்டு நின்றேன், கண் பிதுங்கியது, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அந்த அம்மாள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்றதுக்கு வாயே வர மாட்டேங்குது பாரு. என்ன கூத்தோ." போயே போய்விட்டார்கள். பேசிக் கெடுத்ததைவிடப் பேசாமல் நன்றாகக் கெடுத்திருந்தேன்.

ஈரப் புடவைத் தலைப்போடு நேரே ரிவ்காவின் ரொட்டிக் கடைக்குப் போனேன்.

ரிவ்கா எங்கள் ஊரின் ஒரே யூதக் குடும்பம்; குடும்பம் என்றால் அவள் ஒருத்திதான். கொச்சியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். சொந்தக்காரர்கள் எல்லாம் கப்பலேறி இஸ்ரேலுக்குப் போன பிறகும், புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும், ரொட்டி அடுப்பு சூடாக இருக்கிறது என்று ஒரு காரணம் சொல்லி இங்கேயே இருந்துவிட்டாள். சனிக்கிழமை கடை கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை, அவர்களுடைய பெரிய விரத நாளுக்கு முன்னால், வீடு வீடாகப் போய், "இந்த வருஷம் நான் உங்க மனசு நோகும்படி ஏதாவது செஞ்சிருந்தா மன்னிக்கணும்" என்று கேட்பாள். நாங்கள் பதறிப்போய், "ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லே, காப்பி சாப்பிடுங்க" என்போம். அவளுக்குக் கோபம் வரும். "ஒண்ணுமில்லேன்னு சொல்லாதீங்க. போன மாசம் பழைய பன்னை உங்களுக்குக் கொடுத்தேன், உங்களுக்கும் தெரியும். ஆமான்னு சொல்லி மன்னிங்க, இல்லே மன்னிக்காதீங்க. ஏன் எல்லாரும் காப்பி தர்றீங்க?" என்பாள். இந்த ஊரில் மன்னிப்புக் கேட்பவரும் கிடையாது, தருபவரும் கிடையாது, காப்பிதான் உண்டு.

"ரெண்டு தடவை தோத்துட்டேன்" என்றேன்.

"நானும் ரெண்டு" என்றாள் ரிவ்கா, மாவைப் பிசைந்துகொண்டே. "என் தங்கச்சி கப்பலேறுற அன்னிக்குப் போய் வழியனுப்பாம கதவைச் சாத்திக்கிட்டவ நான். ரெண்டு தடவையும் சாத்திக்கிட்டேன். தட்டுறா, தட்டுறா, நான் உள்ளே நிக்கிறேன். மூணாவதுக்குக் காத்திருக்கேன்."

"உங்க சாமிதானே இதைக் கிளப்பி விட்டிருக்கு? உங்க ஊர் விஷயம் மாதிரிதான் இருக்கு."

"எனக்கென்ன தெரியும்? ஆனா எங்க பெரியவங்க ஒண்ணு சொல்வாங்க. மனசு திருந்தினது நிஜமான்னு எப்படித் தெரியும்? அதே இடம், அதே ஆள், அதே ஆசை, உடம்புல அதே தெம்பு, அப்பவும் செய்யலைன்னா நிஜம். வயசாகிப் பல்லு போனப்புறம் சீடையை விட்டேன்னு சொல்றதுல என்ன இருக்கு?"

"சரி. அந்தக் கெட்ட புத்தியைத் தொலைக்க ஏதாவது வழி வச்சிருக்காங்களா, உங்க பெரியவங்க?"

"யேட்சர்னு பேர் அதுக்கு. பிறக்கும்போதே கூட வந்துடும். நல்ல புத்தி பதிமூணு வயசுலதான் வரும்."

"பார்த்தீங்களா? கெட்டது பதிமூணு வருஷம் சீனியர். அப்புறம் எங்கே அது நல்லது சொல்றதைக் கேக்கும்?"

ரிவ்கா சிரித்தாள். பிறகு மாவை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்க. புளிப்பு. இதைத் தொலைச்சுட்டா ரொட்டி கல்லு. அது இல்லாட்டி யாரும் வீடு கட்ட மாட்டாங்க, கல்யாணம் பண்ண மாட்டாங்க, கடை திறக்க மாட்டாங்க. உங்க வாயை நீங்க ஏன் தண்ணி ஊத்தி மூடினீங்க? அந்த வாய்தானே உங்ககிட்ட இருக்கிற ஒரே நல்ல சாமான்?"

"நீங்க என்னைப் பாராட்டுறீங்களா, திட்டுறீங்களா?"

"பிசையுறேன்" என்றாள்.

மூன்றாவது தடவை வெள்ளிக்கிழமை வந்தது, மாலை நாலு பத்துக்கு, அன்றைக்குப் போலவே. தண்ணீரும் இல்லை, பிளாஸ்டரும் இல்லை. இவர் வேறு, "நான் பக்கத்துல நிக்கட்டுமா?" என்றார். "பேப்பர் படிங்க" என்றேன். முட்டிவலி போனது, ஆத்திரம் வந்தது. வா என்றேன் அதை. ஒரு சொட்டுக் குறையாமல் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. பத்துப் பெண்களின் சிரிப்போடு, உள் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் என் பிள்ளையின் முதுகோடு வந்தது. அந்த ஆத்திரம் நியாயமான ஆத்திரம், இன்றைக்கும் சொல்வேன்.

அரக்குப் பட்டு வந்து உட்கார்ந்தது. குடை சுவரில் சாய்ந்தது. காப்பி வைத்தேன்.

"பொண்ணு எப்படிங்க?"

"பொண்ணுக்கென்ன" என்றேன். 'யார் யாரோ' என்ற அந்த இரண்டு வார்த்தையும் நாக்கு நுனியில் வந்து நின்றன. இனிப்பாக இருந்தன, இது பொய் இல்லையே, சொன்னால் என்ன என்று கெஞ்சின. சொல்வதற்கு வாய் திறந்தே இருந்தது. தடுக்க ஒருவரும் இல்லை. பதினொரு நிமிஷத்தில் ஒரு நிமிஷம் அப்படியே போயிற்று. அந்த அம்மாள் தம்பியைப் பார்க்கத் தொடங்கினாள்.

"அம்மா, அவரைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க" என்றேன். "பொண்ணோட அம்மாவுக்கும் எனக்கும் ஆகாது. இன்னிக்குக் காலையிலகூட ஆகலை. அதனால நான் சொல்ற நல்ல வார்த்தைக்கு எடை ஜாஸ்தி, வாங்கிக்கோங்க. அவளை வண்டியில கொண்டாந்து விடுவாங்க, நேரங்காலம் கிடையாது. யார் கொண்டாந்து விடறான்னு நீங்க கேக்கணும். ஆம்புலன்ஸ் டிரைவர் விடறார். போன வருஷம் கொண்டை ஊசி வளைவுல பஸ் உருண்டப்போ மூணு நாள் வீட்டுக்கு வராம, உட்காராம, ரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தவ அவ. இந்த ஊர்ல பதினேழு பேர் இன்னிக்கு நடமாடறாங்க. அவ வர்றது எத்தனை மணின்னு நாங்க யாரும் கடிகாரம் பார்க்கிறதில்லே. பார்த்தா வெட்கமா இருக்கும்."

தாய்மாமன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"கோபக்காரியாங்க?" என்றாள் அந்த அம்மாள், சற்று இறங்கிய குரலில்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லே. ஆனா என்னை ஏன் கேக்கறீங்க? பொண்ணு பக்கத்து வீட்டுலதானே இருக்கா? அவளைக் கேளுங்க. கேக்கும்போது உங்க பையனை அவளுக்குப் பிடிச்சிருக்கான்னும் ஒரு வார்த்தை கேளுங்க."

"இப்படிப் பேசற அக்கம்பக்கத்தை நாங்க பார்த்ததில்லீங்க" என்றார் தாய்மாமன்.

"நானும் பார்த்ததில்லே" என்றேன்.

இருவரும் எழுந்து, படியிறங்கி, விசாலம் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பியவர்கள். கேட்டில் கை வைப்பதற்குள் பதினொரு நிமிஷம் முடிந்து, பட்டும் குடையும் பனியோடு பனியாகக் கரைந்தன. முட்டி வலித்தது. வலிக்கட்டும். நான் நடுக்கூடத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, போரில் கோட்டையைப் பிடித்தவள் மாதிரி நின்றேன். பொன்னாடை போர்த்தியிருந்தால் அன்று வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஜெயிச்சாச்சா?" என்றார் இவர், பேப்பருக்கு மேலாக.

"பாதி" என்று சொல்லிச் செருப்பை மாட்டினேன்.

தமயந்தி அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து ஸ்கூட்டியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்னதைச் சொன்னேன், ஏன் சொன்னேன் என்பதைச் சொன்னேன், வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு நின்றதைச் சொன்னேன், இன்று சொன்னதைச் சொன்னேன். "மன்னிக்கணும்" என்ற வார்த்தை எனக்குப் பழக்கமில்லை, இரண்டு தடவை திக்கியது. அவள் ஸ்கூட்டியின் ஸ்டாண்டைப் போடவும் மறந்து, அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"இன்னிக்குச் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.

"அந்தப் பதினேழு பேரையும்."

அதையும் சொன்னேன். அவள் முகம் எனக்குப் புரியவில்லை.

"அந்த ஆள் போட்டோ இன்னும் பீரோவுல இருக்குக்கா" என்றாள் கடைசியில். "எனக்கு அவனைப் பிடிக்கலை. வேண்டாம்னு சொல்லணும்னு நினைச்சு, எப்படிச் சொல்றதுன்னு ராத்திரியெல்லாம் கண்ணாடி முன்னால பேசிப் பார்த்துக்கிட்டிருந்தேன். மறுநாள் அவங்களே வேண்டாம்னுட்டாங்க. வேண்டாம்னு நான் சொல்லியிருக்கணும். அதை எடுத்துட்டீங்க நீங்க."

நான் அதை யோசித்ததே கிடையாது. பன்னிரண்டு வருஷம் ஒரு கல்யாணத்தைக் கெடுத்தவள் என்றுதான் என்னை நினைத்திருந்தேன்.

"ஆமா" என்றேன். "எடுத்துட்டேன்."

"உங்களை மன்னிக்கிறதா வேண்டாமான்னு நான் யோசிக்கணும். அவசரப்படுத்தாதீங்க."

"யோசி. எத்தனை நாள் வேணும்னாலும் யோசி."

அப்போது உள்ளேயிருந்து விசாலத்தின் குரல் கேட்டது, எழுபது வயசிலும் வெண்கலத்தில் அடித்த மாதிரி: "யாருடி வாசல்ல? அந்தக் கான்வென்ட்டு வாயாடியா? கறிவேப்பிலைக்கு வந்திருப்பா. வீட்டுல ஒரு மரம் நடத் துப்பில்லே!"

நெஞ்சில் அது எழுந்தது. முட்டிவலியோடு, நரைத்த தலையோடு, ஐம்பத்தொரு வயசின் முழு ஆத்திரத்தோடு எழுந்தது. என்னிடம் பதிலும் தயாராக இருந்தது, அந்தப் பதில் எப்பேர்ப்பட்ட பதில் என்றால், சொல்லியிருந்தால் விசாலம் ஒரு வாரத்துக்கு வாசல் பக்கம் வந்திருக்க மாட்டாள். தமயந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது திரும்பி வந்த நேரம் கிடையாது, சற்றுமுன் பிறந்த புத்தம்புது நேரம், இதற்கு இரண்டாவது தடவை என்று ஒன்று வருமா என்று யாருக்குத் தெரியும். வாய் என்னுடையது. யாரும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

"ஆமா விசாலம்மா" என்றேன், தெருவே கேட்கும்படி. "உங்க மரத்து இலைக்கு இருக்கிற வாசனை வேற எதுக்கும் வராது."

உள்ளே சத்தமில்லை. விசாலத்தை எனக்குத் தெரிந்த இருபத்தேழு வருஷத்தில் அப்படியொரு நிசப்தம் அந்த வீட்டிலிருந்து வந்ததில்லை. தமயந்தி முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டாள், பிறகு முடியாமல் ஸ்கூட்டி சீட்டின்மேல் குனிந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இன்னும் மன்னிக்கவில்லை, சிரித்தாள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, ராணி மாதிரி, நொண்டிக்கொண்டே என் வீட்டுக்கு நடந்தேன்.